பாதித் தேங்காயில் அடித்த மணி

மணி அடித்தது. துருவியில் பிடித்திருந்த தேங்காய்ப் பாதியை எடுத்துத் தட்டில் கவிழ்த்து வைத்துவிட்டு, குசினிக் கதிரையில் போய் உட்கார்ந்தேன். சிரட்டைக்குள் இன்னும் பாதி வெள்ளை மிச்சமிருந்தது. ஜன்னலுக்கு வெளியே, கலகெதர மலையிலிருந்து இறங்கிய பனி பலாமரத்தை இடுப்புவரை மூடியிருந்தது. மேலே இலைகள் மட்டும் எதிலும் ஒட்டாமல் மிதந்தன. கறிவேப்பிலை கேட்டுப் பின்வாசலில் வந்து நின்ற பக்கத்து வீட்டு மேர்சி டீச்சர் அடுப்பைப் பார்த்தார். அடுப்பில் ஒன்றுமில்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

"அடுப்புல ஒன்னையும் காணோம். எதுக்குங்க மணி அடிச்சிச்சு?"

"எனக்குத்தான் டீச்சர் அடிச்ச. பத்து நிமிஷம் வேல, அஞ்சு நிமிஷம் சும்மா இரிக்கணும்."

"ரொம்ப வலிக்குதா?"

"இல்ல. நோக முந்தி நிப்பாட்டணும். அதுதான் முறை."

டீச்சர் வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, முப்பது வருடம் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். எந்தக் கணக்கையும் சரியா பிழையா என்று பார்க்காமல் விடமாட்டார். "வலிக்காமலே உக்காந்துக்கிறதா? அதுக்கு எங்க தோட்டத்துல வேற பேரு வெச்சிருந்தாங்க" என்று சிரித்துவிட்டுக் கறிவேப்பிலையோடு போய்விட்டார். நான் முறுக்கி வைத்தால் நேரம் பார்த்து அடிக்கும் அந்த முட்டை வடிவ மணியை மடியில் வைத்துக்கொண்டு, மீதி மூன்று நிமிடத்தையும் பனியைப் பார்த்துக் கழித்தேன். பிறந்த வீட்டுக் குசினியில் நானே ஒரு வேடிக்கையாகிவிட்டேன் என்று விளங்கியது அப்போதுதான்.

கலகெதரயில் பிறந்து, கண்டியில் படித்து, கலியாணம் முடித்து இங்கிலாந்தின் வடக்கே மழை ஓயாத ஓர் ஊருக்குப் போய் இருபத்திரண்டு வருடமாகிறது. அங்கே ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. உருளைக்கிழங்குத் தட்டுக்களைத் தூக்கித் தூக்கி, ஏழு வருடத்துக்கு முன் இடுப்பில் ஒரு நோவு வந்து குந்தியது. வந்த விருந்தாளி போகவில்லை. படம் பிடித்தார்கள், ஊசி போட்டார்கள், குளிசை மாற்றினார்கள். கடைசியில் ஒரு டாக்டர், "எலும்பில் குறையில்லை. ஆனால் உங்கள் நோவு பொய்யுமில்லை. அது உங்களோடுதான் இருக்கும், அதோடு எப்படி வாழ்வது என்று பழகலாம்" என்று சொல்லி ஒரு கடிதம் தந்தார். அன்று பஸ்ஸில் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன். சுகமாக்கச் சொல்லிப் போனால் பழகச் சொல்லி அனுப்புகிறானே என்று அவ்வளவு ஆத்திரம்.

கடிதம் கூட்டிப்போன இடம் ஊர் நூலகத்தின் மேல்மாடி. வட்டமாகப் பத்துக் கதிரை, பத்திலும் தீராத நோவுக்காரர். நடத்துகிற ஜேன் என்ற பெண்ணுக்கும் பதினைந்து வருடக் கழுத்து நோவு. வெள்ளைக் கோட்டு இல்லை, மருந்து இல்லை, பிஸ்கட் இருந்தது. ஆறு கிழமை, கிழமைக்கு ஒரு நாள். மூச்சை எப்படி விடுவது, வேலையை எப்படித் துண்டு துண்டாக வெட்டுவது, நித்திரை வராத நேரம் மனதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று பேசுவார்கள். முடிவில் ஒவ்வொருவரும் அடுத்த கிழமை செய்யப்போகிற ஒரேயொரு காரியத்தைச் சொல்லவேண்டும். என்ன, எவ்வளவு, எத்தனை நாள். அதைச் செய்வேன் என்ற நம்பிக்கை பத்துக்கு எத்தனை என்றும் சொல்லவேண்டும். ஏழுக்குக் குறைந்தால் காரியத்தைச் சின்னதாக்கிவிடுவார்கள். நம்பிக்கையைப் பெரிதாக்கு என்று யாரும் அதட்டமாட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

ஆனால் முதல் நாளே நான் ஒரு பிழை விட்டேன். ஜேன் ஒரு கோப்பைத் தேநீரை என் கையில் தந்தபடியே, இன்றைக்கு நோவு பத்துக்கு எத்தனை என்று கேட்டார். நான் "இரண்டு" என்றேன். அந்த நேரம், நூலகத்துப் படி ஏறிய நோவில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டிருந்தது. எங்கள் உம்மா வளர்த்த வளர்ப்பு அப்படி. "சுகமான்னு ஆராச்சும் கேட்டா மொதல்ல அல்ஹம்துலில்லாஹ் செல்லணும். நோவ மிச்சம் செல்லிக்கொண்டிருந்தா அது படச்சவனப் பத்தி முறைப்பாடு" என்பார். பத்துக்கு இரண்டு சொன்னதே எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் பட்டது. அடுத்த கிழமையும் இரண்டு, அதற்கடுத்த கிழமையும் இரண்டு.

நான்காம் கிழமை ஜேன் என்னைத் தனியே கூப்பிட்டு, மிக அன்பாக, "உங்களுக்கு இந்த வகுப்பு தேவைப்படாது போலிருக்கிறது. உங்கள் இடத்துக்காகக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்" என்றார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எட்டு என்றேன். எல்லாக் கிழமையும் எட்டு.

"அப்படியென்றால் ஏன் இரண்டு என்றீர்கள்?"

"நீங்கள் தேத்தண்ணி தந்துகொண்டு கேட்டீர்கள்" என்றேன்.

கோப்பை நீட்டிச் சுகம் கேட்பவரிடம் நோவைச் சொல்வது எங்களுக்கு மரியாதையில்லை. ஜேனுக்கு அது விளங்கவில்லை. இன்றைக்கும் விளங்கியிருக்காது. ஆனால் அடுத்த கிழமை கோப்பையை முதலில் மேசையில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்து என் முன்னால் உட்கார்ந்து கேட்டார். அப்படிக் கேட்டபோது என்னால் உண்மை சொல்ல முடிந்தது.

அந்த வகுப்பில் எனக்கு அதிகம் பிடித்தது கடைசிப் பத்து நிமிடம். கண்ணை மூடச் சொல்வார்கள். நிம்மதியான ஓர் இடத்துக்கு மனதால் போகச் சொல்வார்கள். வெள்ளைக்காரர்கள் எல்லோரும் கடற்கரைக்குப் போனார்கள். நான் மட்டும் கண்டி வாவிக் கட்டோரம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, குருநாகல் பஸ்ஸில் ஏறி, மலை வளைவுகளில் ஆடி ஆடி இறங்கி, பனிக்குள் கலகெதர வந்து சேருவேன். பஸ் நிற்கும்போது ஜேன் கண்ணைத் திறக்கச் சொல்லுவார். வீட்டு வாசல்வரை ஒரு நாளும் போய்ச் சேர்ந்ததில்லை.

இந்த முறை வாசல்வரை வந்ததற்குக் காரணம் என் ராத்தா. என்னைவிடப் பத்து வயது மூத்த அக்கா, பேர் நபீலா. கணவர் மவுத்தான பிறகு எங்கள் உம்மாவின் வீட்டில் தனியே இருக்கிறார். மகள் டோஹாவில், மகன் ரிஸ்வான் கொழும்பில். நான் வருவதற்குப் பதினான்கு மாதம் முன் குளியலறைப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு வெடித்துவிட்டது. எலும்பு பொருந்திவிட்டது, நடக்கலாம் என்று கண்டியில் டாக்டர் சொன்னார். பயிற்சிப் படங்கள் போட்ட ஒரு கடதாசியும் தந்தார். ராத்தா அந்தக் கடதாசியைத் தலையணைக்குக் கீழே பத்திரமாக வைத்துக்கொண்டு படுத்தே இருந்தார். "நோவு போகல்ல, நான் எப்பிடி நடக்க?" என்பதுதான் பதினான்கு மாதமும் ஒரே பேச்சு.

ரிஸ்வான் எனக்கு டெலிபோன் எடுத்தான். "சாச்சி, இனி இப்பிடி ஏலாது. பாத்துக்கொள்ள வாரவளும் வேலய விட்டு நின்டுட்டா. உம்மாவ கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு வாரேன், வீட்டப் பூட்டிடுவோம்" என்றான். கொழும்பில் அவனுக்கு ஒன்பதாம் மாடியில் இரண்டு அறை வீடு. அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல பிள்ளை. ஆனால் ராத்தா அதைக் கேட்டதும் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். நான் பத்துக் கிழமை லீவு எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். "நான் போறதுக்குள்ள ஒன்ட உம்மா தன் பாட்டுக்கு எழும்பி, தன் பாட்டுக்கு ஒரு தேத்தண்ணி ஊத்திக் குடிச்சா, விட்டுடுவியா?" என்று கேட்டேன். "அப்பிடி நடந்தா விட்டுடுறேன்" என்றான். அவன் குரலில் நம்பிக்கை பத்துக்கு ஒன்றுதான் இருந்தது.

முன் ஹோலில், வாசலுக்கு நேரே, ராத்தாவின் கட்டில். ஆட்கள் வந்து பார்க்க லேசு என்று அங்கே போட்டது. எங்கள் பக்கத்தில் நோயாளியைப் போய்ப் பார்ப்பது ஒரு கடமை, நன்மையும்கூட. விழுந்த புதிதில் கட்டிலைச் சுற்றிக் கதிரை காணாதாம், அவ்வளவு ஆட்கள். தோடம்பழம், பிஸ்கட், மா டின்கள் எல்லாம் அலுமாரிக்கு மேலே கொலு வைத்த மாதிரி இன்னும் இருந்தன. நான் வந்த நாளிலும் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ஒன்றிரண்டு பேர் வந்தார்கள். வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டதுமே ராத்தா போர்வையை நெஞ்சுவரை இழுத்துவிடுவார், குரல் இறங்கிவிடும். வந்தவர்கள் போன பிறகு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பி, முனகாமல் குளியலறைக்குப் போய்வருவார். திரைக்குப் பின்னால் நின்று நான் அதை இரண்டு தரம் பார்த்தேன். நோவு இருந்தது, முகத்தில் தெரிந்தது. ஆனால் கால் இருந்தது, தைரியமும் இருந்தது.

முதல் கிழமை முழுக்க ஜேன் சொல்லித்தந்த எல்லாவற்றையும் ராத்தாவின் தலையில் கொட்டினேன். மணியை முறுக்கிக் கட்டில் ஓரம் வைத்து, "மூணு நிமிஷம் எழும்பி நில்லுங்க, போதும்" என்பேன்.

"இது என்ன மதரஸாவா, மணி அடிச்சி எழுப்ப? அதத் தூக்கிக்கொண்டு போ புள்ள. ஒன்ட இங்கிலீஸ் நோவுக்கு அது சரி வரும்."

சரி, ஒருவருக்கு ஒருவர் சொன்னால் ஏறாது, கூட்டமாக இருந்தால்தான் ஏறும் என்று நினைத்தேன். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்ட கதை அங்கேதான் தொடங்கியது. வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு, விறாந்தையில் நான்கு பிளாஸ்டிக் கதிரை போட்டேன். ஹோல் கதவை அகலத் திறந்துவைத்தேன், கட்டிலில் கிடப்பவர் காதில் விழட்டும் என்று. முழங்கால் நோவுக்கு மேர்சி டீச்சர் வந்தார். தையல் மெஷினில் குனிந்து குனிந்து தோள் பிடித்துப்போன சந்திரா அக்கா வந்தார். அவர் சிங்களவர், இந்த ஒழுங்கையிலேயே பிறந்து வளர்ந்ததால் எங்கள் தமிழும் பேசுவார். தலையிடிக்கு நூர் மாமி வந்தார். நான்காவது நான்.

விதிகளைச் சொன்னேன். கைவைத்தியம் சொல்லக்கூடாது. அவரவர் நோவை அவரவரே பார்க்கப் பழகவேண்டும். சொல்லி வாய் மூடவில்லை, சந்திரா அக்கா பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்தார். "நங்கி, இது வெதமாத்தயா காய்ச்சின எண்ணெ. உங்க ராத்தாவுக்குப் பூசிப் பாருங்க." நூர் மாமி அந்த நாட்டு வைத்தியர் எண்ணெயை மோந்து பார்த்து, இதில் வெந்தயம் காணாது என்றார். மேர்சி டீச்சர் இஞ்சி ஒத்தடம் என்றார். பத்து நிமிடம் என் குரலே எடுபடவில்லை.

பிறகு அடுத்த கிழமைத் திட்டம். "நூர் மாமி, என்ன செய்யப்போறீங்க?"

"விடியச் சுபஹுக்குப் பொறகு முத்தத்துல நடக்க."

"எத்தன நாள்?"

"இன்ஷா அல்லாஹ்."

"அது சரி மாமி, எத்தன நாள்?"

"அது எப்பிடி புள்ள நான் செல்ற? நாளக்கி இரிப்பேனா இல்லயான்டு அவனுக்குத்தான் தெரியும்."

நம்பிக்கை எத்தனை என்றேன். மூன்று பேரும் பத்து என்றார்கள். வீட்டுக்காரியின் மனதை நோகடிக்கக்கூடாதாம். அந்த நிமிடம் ஜேனை நினைத்துக்கொண்டேன். என் இரண்டைக் கேட்டுத் தலையாட்டி எழுதிக்கொண்ட அந்த முகம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்.

கடைசிப் பத்து நிமிடம் கண்ணை மூடச் சொன்னேன். மழை தூறத் தொடங்கியிருந்தது. தகரத்தில் அது விழும் சத்தம் மெதுவாகத் தடித்துக்கொண்டே வந்தது. கால் விரலிலிருந்து தொடங்கி ஒவ்வோர் உறுப்பாகத் தளர்த்திக்கொண்டு, நிம்மதியான ஓர் இடத்துக்குப் போங்கள் என்றேன். நானும் கண்ணை மூடினேன். வழக்கமான பஸ் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. கலகெதரயில் இருந்துகொண்டு கலகெதர பஸ்ஸுக்குக் காத்திருந்தால் எப்படி வரும்? எனக்கு வந்தது நூலகத்து மேல்மாடி. சாம்பல் நிற ஜன்னல், அதன் கீழே சூடு விடும் இரும்புச் சட்டம், அதில் காயும் யாரோ ஒருவரின் கையுறை. அந்தக் குளிர் ஊரை நினைத்து நெஞ்சு கரையும் என்று நான் கனவிலும் எதிர்பார்க்கவில்லை. கண்ணைத் திறந்தபோது நூர் மாமி வாய் திறந்து நித்திரையாகியிருந்தார். சந்திரா அக்கா கண்ணை மூடியபடியே சிரித்துக்கொண்டிருந்தார்.

"ராத்தா, நீங்க எங்க போனீங்க?" என்று உள்ளே பார்த்துக் கேட்டேன்.

"நான் எங்க போக? எல்லாரும் போய்ட்டு வாங்க, நான் இங்கயேதான் ஈக்கிறேன்" என்றது கட்டில்.

இப்படியே ஆறு வியாழக்கிழமை போனது. மூன்று பேரும் மழையிலும் வந்தார்கள். டீச்சர் இரண்டு தரம் சொன்னதைச் சொன்னபடி செய்துவந்தார். ராத்தா அசையவில்லை. எட்டாம் கிழமை ரிஸ்வான் டெலிபோனில், வெள்ளிக்கிழமை வருகிறேன், உடுப்புகளைக் கட்டி வையுங்கள் என்றான். அதைக் கேட்டதும் என் புத்தி எங்கே போனதோ தெரியாது. அவன் உம்மா படுக்கையில் கிடந்தாலும் வீடு வீடாக இருக்கிறது என்று அவனுக்குக் காட்டவேண்டும் போல் இருந்தது. புதன்கிழமை விடிய மணியை அலுமாரிக்குள் சீலைகளுக்கு நடுவில் செருகிவிட்டு, முழு வீட்டையும் ஒரே மூச்சில் கழுவினேன். ஒட்டடை அடித்தேன், அலுமாரியை நகர்த்தினேன், மெத்தையை வெயிலுக்குத் தூக்கினேன். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள் செய்த வேலை இது. விருந்தாளி வருமுன் வீடு பாதி கழுவியபடி கிடக்க எங்கள் வளர்ப்பு விடாது. நோவு தொடங்கியும் நிற்கவில்லை. மதியம் லுஹர் நேரம் வாளியோடு குனிந்தேன், நிமிர முடியவில்லை.

சந்திரா அக்காவும் டீச்சரும் தாங்கிக்கொண்டு வந்து, ஹோலில் ராத்தாவின் கட்டிலுக்கு எதிரே கிடந்த நீளக் கதிரையில் என்னைப் படுக்க வைத்தார்கள். குளிசை போட்டு அரை மயக்கத்தில் கிடந்தேன். பனியும் மழையும் ஹோலுக்குள் வந்துபோவது போல் இருந்தது. ஒரு நேரம் ஜேன் கோப்பையோடு நின்றார், ஒரு நேரம் எங்கள் உம்மா நின்றார். கண் முழிக்கும்போதெல்லாம் எதிர்க் கட்டிலில் ராத்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பெண்கள், இரண்டு படுக்கை, நடுவில் நான் கழுவியதால் பளபளவென்று கிடந்த தரை. சிரித்திருப்பேன், சிரித்தால் நொந்தது.

அடுத்த நாள் வியாழன். அஸருக்குப் பிறகு வாசலில் செருப்புச் சத்தம். மூவரும் வந்தார்கள். விறாந்தையில் இருக்கவில்லை, நேரே உள்ளே வந்தார்கள். நூர் மாமி கையில் தோடம்பழம், டீச்சர் கையில் பிஸ்கட். என் வகுப்பு நோய் விசாரிப்பாக மாறிவிட்டது. மூன்று பேரும் என்னைச் சுற்றி உட்கார்ந்து உச்சுக் கொட்டினார்கள். டீச்சர் மட்டும் சுருக்கென்று, "மணி எங்கங்க?" என்று கேட்டார். நான் அலுமாரியைக் கண்ணால் காட்டினேன். "நெனச்சேன்" என்றார்.

ராத்தாவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் ஒருமுறை இருமினார். போர்வையை விலக்கினார். பிறகு என்னிடம், "இவங்களுக்கு ஆரு தேத்தண்ணி ஊத்துற?" என்று கேட்டார். நான் எழும்பப் பார்த்தேன். "நீ கெட. நோயாளி எழும்பி ஊத்தினா ஊர் சிரிக்கும்" என்றபடி காலைத் தரையில் வைத்தார். வந்தவருக்கு வாய் நனைக்காமல் அனுப்பிய சரித்திரம் எங்கள் உம்மாவின் வீட்டுக்குக் கிடையாது. டீச்சர் எழும்பப் போனார், சந்திரா அக்கா அவர் முந்தானையைப் பிடித்து இருத்தினார். ராத்தா கட்டில், சுவர், கதவு நிலை என்று பிடித்துப் பிடித்துக் குசினிக்குப் போனார். குழாய் திறக்கும் சத்தம், கேத்தல் மூடும் சத்தம். நடுவில் நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு கரண்டி கோப்பையில் தட்டும் சத்தம் கேட்டது.

கோப்பைகளைத் தட்டில் வைத்து ஒரு கையால் தூக்க முடியாது என்பதால், ஒவ்வொரு கோப்பையாகக் கொண்டுவந்தார். நான்கு தரம் போனார், நான்கு தரம் வந்தார். ஒவ்வொரு தரமும் வாசல் நிலையில் கொஞ்சம் நின்று மூச்சு வாங்கினார். ஜேன் இருந்திருந்தால் எழும்பிக் கைதட்டியிருப்பார். எங்கள் ஆட்கள் தட்டவில்லை. நூர் மாமி ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி காணாது" என்றார். ராத்தா சிரித்தார். விழுந்த நாளிலிருந்து அவர் சிரித்து நான் கேட்டதில்லை.

அவர் கட்டிலுக்குப் போகாமல் கதிரையில் உட்கார்ந்தபோது நான் கேட்டேன். என் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, வெறுங்கையோடு கேட்டேன். "ராத்தா, இப்ப நோவு எத்தன?"

"ஒன்பது."

"படுத்தீக்கக்குள்ள?"

"அப்பவும் ஒன்பதுதான்" என்றார். பிறகு தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் எழும்பி நடந்தா, எல்லாருக்கும் எனக்கு சுகமாகின மாதிரி. அதுக்குப் பொறகு ஆரு வருவா? புள்ளைகள் ஒவ்வொரு பக்கம், நீ ஒரு பக்கம். படுத்தீந்தா, வாசல்ல ஒரு செருப்பாவது கெடக்கும்."

எனக்கு வெட்கமாக இருந்தது. நான் ஆட்களுக்காக நோவை ஒளித்தேன், என் ராத்தா ஆட்களுக்காக நோவை விரித்துப் படுத்தார். ஒரு வயிற்றில் பிறந்தும் இது எனக்கு இவ்வளவு நாளும் விளங்கவில்லை, மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

மேர்சி டீச்சர்தான் கடைசியில் வாயைத் திறந்தார். "சொகமில்லாட்டித்தான் வரணும்னு யாருங்க சொன்னா? வியாழக்கெழம வியாழக்கெழம நாங்க வர்றோம். எழும்பி நீங்களே டீ போடணும். படுத்துக் கெடந்தீங்கன்னா வாசல்லயே நின்னு பாத்துட்டுப் போயிருவோம்."

"வராம நின்டா?" என்று ராத்தா கேட்டார்.

"நம்பிக்கை பத்துக்கு எட்டு" என்றார் டீச்சர். "மழை வந்தா ஏழு. ஏழுக்குக் கீழ போகாது." ஏழு வியாழக்கிழமையில் முதன்முதலாக ஒருவர் பத்தைவிடக் குறைத்துச் சொன்னார். அதை நான் முழுதாக நம்பினேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ரிஸ்வான் வந்தபோது கட்டில் வெறுமையாக இருந்தது. பதறிப்போய்க் குசினிக்கு ஓடினான். அவன் உம்மா மேசையோரம் நின்று தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நான் கதிரையில் தலையணை அணைத்து உட்கார்ந்திருந்தேன். அவன் வாய் திறக்குமுன் மணி அடித்தது. ராத்தா பாதித் தேங்காயைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். "இரி மகன், அஞ்சு நிமிஷத்துல தேத்தண்ணி ஊத்துறேன்" என்றார். அவன் என்னைப் பார்த்தான், மணியைப் பார்த்தான், நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். உடுப்பு கட்டவில்லையா என்று கேட்கவில்லை. போகும்போது, "பெருநாள் வரைக்கும் பாப்போம் சாச்சி" என்றான். பெருநாளுக்குப் பிறகு என்ன என்று நானும் கேட்கவில்லை. ராத்தாவின் நோவு போய்விட்டது என்று யாரும் நினைக்கவேண்டாம். நான் புறப்படும் நாளும் ஒன்பதுதான்.

இங்கிலாந்துக்குத் திரும்பி வந்து பெட்டியைத் திறந்தபோது மணியைக் காணவில்லை. அது இருந்த இடத்தில், துணி சுற்றிய ஒரு போத்தல் வெதமாத்தயா எண்ணெய் இருந்தது.

இப்போது வியாழக்கிழமைகளில் எனக்கு வேலையில்லை, கேட்டு வாங்கிக்கொண்டேன். இங்கே காலை பத்தரை என்றால் அங்கே மாலை நான்கு. டெலிபோனைச் சீனி டின்னில் சாய்த்து வைத்துவிட்டு நான் உருளைக்கிழங்கு சீவுவேன். ராத்தா தன் டெலிபோனைக் கையில் பிடித்துக்கொண்டு, மெதுவாக, ஒரு காலை இழுத்து வாசல்வரை நடப்பார். வீடு ஆடி ஆடி என் முன்னால் நகரும். வாசலில் அதைக் கீழே திருப்பிக் காட்டுவார். மூன்று சோடி செருப்பு, மழையில் நனைந்தபடி. "எண்ணிப் பாத்துக்கோ" என்பார். பிறகு குசினிக்குத் திரும்பி, டெலிபோனை மேசையில் வைத்துவிடுவார். அதன் பிறகு எனக்குத் தெரிவது புகை படிந்த கூரைப் பலகை மட்டும். தேங்காய் துருவும் சத்தமும் விறாந்தையில் சந்திரா அக்காவின் சிரிப்பும் கேட்கும்.

போன கிழமையும் அப்படித்தான். என் ஜன்னலுக்கு வெளியே இந்த ஊர் மழை, டெலிபோனுக்குள் அந்த ஊர் மழை. கையில் நான்காவது கிழங்கு. அங்கே மணி அடித்தது. என் கத்தி தானாக நின்றது. பாதி சீவிய கிழங்கைத் தட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்து கண்ணை மூடினேன். பஸ்ஸும் வரவில்லை, நூலகமும் வரவில்லை.

"பரீனா, குந்திட்டியா?" என்று கூரைப் பலகையிலிருந்து ராத்தாவின் குரல் கேட்டது.

"ஓ ராத்தா, குந்திட்டேன்."

"நானும் குந்திட்டேன்" என்றார். ஐந்து நிமிடம் இரண்டு குசினியிலும் யாரும் எழும்பவில்லை.